ஜன்னல் வைத்தால் சுவரின் பலம் எவ்வளவு குறையும்? நிலநடுக்கத்தைத் தாங்கும் மர வீடுகளின் கணக்கு

1994 ஜனவரி 17. திங்கட்கிழமை. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாள் விடுமுறை.

லாஸ் ஏஞ்சலிஸில் விடிகாலை 4.31 மணிக்கு நிலம் குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 6.7.

நார்த்ரிட்ஜ் வட்டாரத்தில் 'நார்த்ரிட்ஜ் மெடோஸ்' என்ற மூன்று மாடிக் குடியிருப்பு. சில விநாடிகளில் அது இரண்டு மாடிக் கட்டடமாகிவிட்டது. மேல் இரண்டு மாடிகள் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, தரைத்தளம் மட்டும் நசுங்கிப்போனது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த 16 பேர் மாண்டனர்.

அது மரச்சட்டங்களால் கட்டப்பட்ட கட்டடம். மரம் இலேசானது, வளைந்து கொடுக்கும், நிலநடுக்கத்தில் பாதுகாப்பானது என்றுதான் கலிஃபோர்னியாவில் பலரும் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை முழுக்கத் தவறும் இல்லை. அப்புறம் ஏன் விழுந்தது?

தரைத்தளத்தில் கார் நிறுத்த இடம் வேண்டும். காருக்கு இடம் விட்டால் அங்கே சுவர் இருக்காது. சுவர் இல்லாத இடத்தில் மேல்மாடிகளைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஆளில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் "எவ்வளவு சுவர் போதும், எவ்வளவு திறப்பு விடலாம்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தனிப் பொறியியலே வளர்ந்திருக்கு. ஜன்னல் ஒரு அடி அகலமானால் ஆணிகளின் இடைவெளி மாறும். கதவின் உயரம் கூடினால் சுவரின் மதிப்பு குறையும். அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போகிறோம்.

புத்தக அலமாரியைப் பாருங்க

பெட்டியில் வாங்கிவந்து வீட்டிலேயே பூட்டும் புத்தக அலமாரி உங்களில் பலரிடம் இருக்கும். நான்கு பக்கமும் திருகாணி முடுக்கி நிமிர்த்தி வைத்த பிறகும் அது இப்படியும் அப்படியும் ஆடும். கொஞ்சம் தள்ளினால் செவ்வகம் சாய்சதுரமாகிவிடும்.

கடைசியில் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய அட்டைப் பலகையை வைத்துச் சின்னச் சின்ன ஆணிகளாக அடிக்கச் சொல்வார்கள். "இது எதுக்கு, சுவரோரமாத்தானே வைக்கப்போறோம்" என்று அதை விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். (நானும் ஒருமுறை விட்டேன். ஆறு மாதத்தில் அலமாரி வலப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது.)

அந்தப் பலகையை அடித்ததும் ஆட்டம் நின்றுவிடும். மூன்று மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத பலகைதான். ஆனால் அதன் தளத்திலேயே அதை இழுத்துச் சாய்சதுரமாக்குவது மிகவும் கடினம். சட்டம் சாயப் பார்க்கும்போது பலகை மறுக்கிறது. இரண்டுக்கும் இடையே பேச்சுவார்த்தை நடத்துவது ஆணிகள்.

அமெரிக்க மர வீட்டின் சுவரும் இதே மாதிரிதான். இரண்டுக்கு நான்கு என்று பெயர் சொல்லும் கட்டைகளைப் பொதுவாக 16 அங்குல இடைவெளியில் வரிசையாக நிறுத்துவார்கள். மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை. அதன்மேல் நான்கு அடிக்கு எட்டு அடி ப்ளைவுட் அல்லது மரச்சீவல்களை ஒட்டிச் செய்த ஓஎஸ்பி பலகை. அப்புறம் ஆணி. பக்கவாட்டு விசையைத் தாங்குவதற்கென்றே இப்படி வடிவமைத்த சுவருக்கு ஷியர் சுவர் என்று பெயர்.

இதில் பலருக்கும் வியப்பாக இருக்கக்கூடிய விஷயம், சுவரின் பலத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது மரம் இல்லை, ஆணி. பலகையின் ஓரங்களில் ஆறு அங்குலத்துக்கு ஓர் ஆணி அடித்தால், வழக்கமான 15/32 அங்குலப் பலகைச் சுவர் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 260 பவுண்டு நிலநடுக்க விசையைத் தாங்கும் என்று வடிவமைப்பு அட்டவணை சொல்கிறது. ஏறத்தாழ 118 கிலோகிராம். நான்கு அங்குலத்துக்கு ஓர் ஆணி என்றால் 380 பவுண்டு. மூன்று அங்குலம் என்றால் 490. இரண்டு அங்குலம் என்றால் 640. பலகை அதேதான், கட்டையும் ஏறக்குறைய அதேதான்.

நிலநடுக்கத்தின்போது அந்த ஆணிகள் கொஞ்சம் வளையும், மரத்துக்குள் கொஞ்சம் நசுக்கும், உரசும். அதிர்வின் சக்தி அங்கேதான் செலவாகிறது. சட்டென்று உடையாமல் ஆணி ஆணியாக விட்டுக்கொடுப்பதுதான் மர வீட்டின் உண்மையான பாதுகாப்பு.

சுவர் சரிவது மட்டும் அல்ல, எழும்பவும் செய்யும்

கூரையை ஒரு பக்கமாகத் தள்ளினால் சுவருக்கு மூன்று ஆபத்து. அடித்தளத்தின்மேல் வழுக்கிப் போகலாம். சாய்சதுரமாகச் சரியலாம். ஒரு முனையில் மேலே எழும்பிக் குடை சாயலாம்.

வழுக்காமல் இருக்க, அடிக்கட்டையைக் கான்கிரீட்டோடு போல்ட் போட்டுப் பிணைப்பார்கள். சரியாமல் இருக்கப் பலகையும் ஆணியும். எழும்பாமல் இருக்க, சுவரின் முனைக் கட்டையை அடித்தளத்தோடு பிடித்து இழுத்துவைக்கும் தடித்த இரும்புப் பிடி ஒன்று தேவை. அதற்கு ஹோல்டவுன் என்று பெயர்.

இந்தப் பிடியின் கணக்கு எளிது, ஆனால் முக்கியம். எட்டு அடி உயரம், நான்கு அடி நீளமுள்ள ஒரு சுவர்த்துண்டின் உச்சியை 1,000 பவுண்டு விசை தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். உயரத்தை நீளத்தால் வகுத்தால் 2. ஆக முனையில் மேலே இழுக்கும் விசை 2,000 பவுண்டு. அதே விசையை இரண்டு அடி நீளத் துண்டு தாங்க வேண்டுமென்றால் 4,000 பவுண்டு. சுவர் ஒல்லியாக ஆக, அதைக் கீழே பிடித்துவைக்கும் வேலை கடினமாகிக்கொண்டே போகும்.

குச்சி மாதிரி நிற்கும் சுவர் அதிகமாக வளையவும் செய்யும். அதனால்தான் விதிமுறைகள் உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்துக்கு ஓர் எல்லை வைத்திருக்கு. ப்ளைவுட், ஓஎஸ்பி சுவர்களுக்கு அதிகபட்சம் 3.5க்கு 1. அதாவது எட்டு அடி உயரச் சுவரில் ஏறத்தாழ 27 அரை அங்குலத்துக்குக் குறைவான துண்டு, ஷியர் சுவர் என்ற கணக்கிலேயே வராது. விகிதம் 2க்கு 1ஐத் தாண்டினாலே அதன் பலத்தைக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நார்த்ரிட்ஜுக்குப் பிறகு வந்த 1997 விதித்தொகுப்பு இன்னும் கடுமையாக இருந்தது. நிலநடுக்க ஆபத்து மிக அதிகமான பகுதிகளில் 2க்கு 1ஐத் தாண்டவே கூடாது என்றது. பிறகு பலத்தைக் குறைத்துக் கணக்கிடும் நிபந்தனையோடு 3.5 மறுபடியும் அனுமதிக்கப்பட்டது.

சரி, இப்போ ஜன்னல் வைக்கலாமா?

அலமாரிக்குத் திரும்பிப் போவோம். டிவி வயர் போக, பின்பலகையில் ஒரு ஓட்டை போடுகிறீர்கள். சின்ன ஓட்டை என்றால் ஒன்றும் ஆகாது. பலகையில் பாதியை அறுத்துவிட்டால்? மறுபடியும் ஆட்டம் ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு கோடு இருக்கு. அந்தக் கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்க விதிமுறைகளில் இதற்கு மூன்று வழி இருக்கு. அமெரிக்க மர மன்றம் வெளியிடும் காற்று, நிலநடுக்க வடிவமைப்புத் தரநிலையில் மூன்றும் உள்ளன. அனைத்துலகக் கட்டட விதித்தொகுப்பு அந்தத் தரநிலையைத்தான் பின்பற்றச் சொல்கிறது. எந்த வழி வேண்டும் என்று பொறியாளர் தேர்ந்தெடுக்கலாம்.

ஓர் உதாரணச் சுவரை எடுத்துக்கொள்வோம். நீளம் 20 அடி, உயரம் 8 அடி. அதில் 3 அடி அகலம், 6 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு கதவு. 5 அடி அகலம், 4 அடி உயரத்தில் ஒரு ஜன்னல். மீதி இருப்பது மூன்று முழுச் சுவர்த்துண்டுகள், ஒவ்வொன்றும் 4 அடி. ஆணி ஆறு அங்குல இடைவெளியில்.

திறப்பே இல்லாவிட்டால் இந்தச் சுவர் 5,200 பவுண்டு தாங்கும். அதாவது 2,360 கிலோ.

முதல் வழி: திறப்புகளை மறந்துவிடுங்கள். கதவுக்கு மேலே இருக்கும் துண்டு, ஜன்னலுக்குக் கீழே இருக்கும் துண்டு, எதற்கும் மதிப்பில்லை. தரையிலிருந்து கூரைவரை முழுசாக இருக்கும் மூன்று துண்டுகளை மூன்று தனிச் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். 12 அடி, பெருக்கல் 260. விடை 3,120 பவுண்டு, சுமார் 1,415 கிலோ. பழைய வழி இதுதான், புரிந்துகொள்ளவும் எளிது. ஆனால் மூன்று துண்டுக்கும் இரண்டு முனையிலும் பிடி வேண்டும். மொத்தம் ஆறு ஹோல்டவுன். ஒவ்வொன்றுக்கும் அடித்தளக் கான்கிரீட்டில் போல்ட் வேண்டும், பொருத்த ஆள் வேண்டும், பணமும் வேண்டும்.

இரண்டாவது வழி: ஓட்டை போட்ட சுவர். 20 அடியையும் ஒரே சுவராகப் பாருங்கள். ஹோல்டவுன் இரண்டே இரண்டு, இரண்டு கடைசி முனைகளில் மட்டும். மற்ற இடங்களில் அடிக்கட்டையை எழும்பாமல் பிணைத்தால் போதும். இந்தச் சலுகைக்கு விலை உண்டு. சுவரின் பலத்தை ஒரு குறைப்பெண்ணால் பெருக்க வேண்டும்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? ஜப்பானிய ஆய்வாளர் சுகியாமா, திறப்புள்ள சுவர்களைத் தள்ளிப் பார்த்துக் கண்டறிந்த ஒரு சூத்திரத்திலிருந்து. திறப்புகளின் பரப்பளவு, முழுச் சுவர்த்துண்டுகளின் நீளம் இரண்டையும் வைத்துச் சுவரின் பலத்தை அது மதிப்பிடுகிறது. வேலைத்தளத்தில் அவசரத்துக்குப் பார்க்க, அதையே ஓர் அட்டவணையாகவும் போட்டிருக்கிறார்கள்.

நம் சுவரில் 60 விழுக்காடு முழுச் சுவர். மிக உயரமான திறப்பு கதவு, 6 அடி 8 அங்குலம். அட்டவணையில் பார்த்தால் எண் 0.63. ஆகப் பலம் 1,966 பவுண்டு, ஏறத்தாழ 890 கிலோ. முதல் வழியைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஆணி இடைவெளியை ஆறிலிருந்து நான்கு அங்குலமாக்கினால் 1,300 கிலோவுக்கு ஏறும். சில நூறு ஆணி கூடுதலாக அடிப்பதா, நான்கு ஹோல்டவுன் கூடுதலாக வாங்குவதா? ஒப்பந்ததாரர்கள் பெரும்பாலும் ஆணிப் பக்கம்தான் சாய்வார்கள். ஆணி மலிவு.

இதில் ஒரு சுவாரசியம். அட்டவணை எல்லாத் திறப்பும் கதவு அளவுக்கு உயரம் என்று வைத்துக்கொண்டு தண்டிக்கிறது. நம் ஜன்னல் நான்கு அடிதான். அட்டவணையை விட்டுவிட்டுச் சூத்திரத்தில் உண்மையான பரப்பளவைப் போட்டால் எண் 0.74 வருகிறது. பலம் சுமார் 1,050 கிலோ. அதே சுவர், அதே விதிமுறை. பொறுமையாகக் கணக்குப் போட்டவருக்கு 160 கிலோ இலாபம்.

இன்னொன்றும் அட்டவணையிலிருந்து தெரிகிறது. அந்தச் சுவரில் கதவே இல்லாமல், மொத்தம் 8 அடி அகலத்துக்கு நான்கு அடி உயர ஜன்னல்கள் மட்டும் இருந்தால் எண் 0.83. அகலம் அதேதான், உயரம் மட்டும் மாறியிருக்கு. ஆக அகலமான ஜன்னலைவிட உயரமான திறப்புதான் சுவருக்கு அதிகக் கேடு. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைக்கும் இன்றைய நாகரிகம் பொறியாளர்களுக்கு ஏன் தலைவலி என்பது இப்போ புரியும்.

மூன்றாவது வழி: திறப்பைச் சுற்றி விசையைக் கடத்துவது. எனக்குப் பிடித்தது இதுதான்.

ஜன்னலுக்கு மேலும் கீழும் இருக்கும் துண்டுகளை வீணாக்காமல், அவற்றையும் வேலை வாங்க வேண்டும். ஜன்னலின் நான்கு மூலைகளில்தான் சுவர் கிழியப் பார்க்கும். சட்டைக் கிழிசல் எப்போதும் தையல் பிரிந்த மூலையில் ஆரம்பிக்கிற மாதிரி. அந்த மூலைகளைத் தாண்டிப் போகும்படி, ஜன்னலின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு வரிசைகளில் நீளமான இரும்புப் பட்டைகளைக் கட்டையோடு சேர்த்து ஆணி அடித்துவிடுவார்கள். இப்போ ஒரு பக்கத்துத் துண்டிலிருந்து மறுபக்கத்துத் துண்டுக்கு விசை ஜன்னலைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். ஹோல்டவுன் இதிலும் முனைகளில் மட்டும்தான்.

இதன் பெரிய ஆதாயம் ஒல்லித் துண்டுகளுக்கு. ஜன்னல் ஓரத்தில் இரண்டு அடித் துண்டு ஒன்று இருக்கு என்று வையுங்கள். முதல் வழியில் அதன் உயரம் 8 அடி, விகிதம் 4க்கு 1. எல்லையைத் தாண்டிவிட்டது, மதிப்பு சுழியம். மூன்றாவது வழியில் அதன் உயரமாக எடுத்துக்கொள்வது ஜன்னலின் உயரம் மட்டும். நான்கு அடிக்கு இரண்டு அடி, விகிதம் 2க்கு 1. தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே துண்டு, கணக்கு முறை மாறியதும் பூஜ்யத்திலிருந்து உயிர் பெறுகிறது.

சிக்கல் என்னவென்றால் கணக்கு கொஞ்சம் கடினம். பட்டையில் எவ்வளவு விசை வரும் என்பதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்கள் பல காலம் வெவ்வேறு சூத்திரங்களைப் பயன்படுத்தினார்கள். ஒரே சுவருக்கு விடைகள் வெகுவாக வேறுபட்டன. பிறகு முழு அளவுச் சுவர்களைச் சோதனைக்கூடத்தில் தள்ளி, பட்டையின் விசையை நேரடியாக அளந்து எது உண்மைக்கு அருகில் வருகிறது என்று ஒப்பிட்டார்கள்.

கராஜ் என்ற பெரிய வாய்

மூன்று வழியும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. கராஜ் கதவு.

16 அடி அகலக் கதவின் இரண்டு பக்கமும் இரண்டு அடிகூட இல்லாத துண்டுகள். மேலே படுக்கையறை. அமெரிக்கப் புறநகர்ப் பகுதிகளில் சர்வ சாதாரணமான காட்சி. இதற்கென அமெரிக்கக் குடியிருப்பு விதிமுறைகளில் ஒரு தனி ஏற்பாடு இருக்கு. கதவுக்கு மேலே போகும் பெரிய விட்டத்தைக் கதவின் ஓரத்தோடு நிறுத்தாமல், ஒல்லித் துண்டின் கடைசிவரை நீட்டுவது. அதன்மேல் பலகையைப் போர்த்தி நெருக்கமாக ஆணிகள் அடிப்பது. விட்டமும் தூணும் கால்பந்துக் கோல் கம்பம் மாதிரி ஒரே சட்டமாகிவிடும். சில நிபந்தனைகளோடு, 16 அங்குல அகலத் துண்டுக்கே அனுமதி கிடைக்கும்.

புதிய வீடுகளுக்கு அது சரி. பழைய கட்டடங்களுக்கு?

நார்த்ரிட்ஜ் மட்டுமே பாடம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு நான்கு ஆண்டுக்குச் சற்று மேல் முன்பு, 1989 அக்டோபர் 17 மாலை 5.04 மணிக்கு சான் ஃபிரான்சிஸ்கோவை உலுக்கிய லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில், மரீனா வட்டாரத்துத் தெருமுனை வீடுகள் பல தரைத்தளத்தில் சரிந்தன. குறிப்பாகத் தெருமுனை வீடுகள். ஏன்?

நடுவில் இருக்கும் வீட்டைப் பக்கத்து வீடுகள் ஓரளவு தாங்கிப் பிடிக்கும். முனை வீட்டுக்கு அந்த ஆதரவு ஒரு பக்கம்தான். தெருவைப் பார்த்த இரண்டு பக்கமும் கராஜ் கதவு, ஜன்னல், வாசல். பின்னால் இருக்கும் இரண்டு பக்கமும் முழுச் சுவர். நிலம் அசையும்போது முழுச் சுவர் இருக்கும் மூலை விறைப்பாக நிற்கும், திறந்த மூலை வீசும். வீடு சாய்வதோடு முறுக்கவும் செய்யும். ஒரு பக்க அட்டையைப் பிய்த்துவிட்ட தீப்பெட்டியைத் திருகிப் பாருங்கள், தெரியும்.

சான் ஃபிரான்சிஸ்கோ 2013இல் ஒரு கட்டாயச் சட்டம் கொண்டுவந்தது. 1978க்கு முன் அனுமதி பெற்ற, ஐந்து வீடுகளோ அதற்கு மேலோ உள்ள, தரைத்தளம் பலவீனமான மரக் கட்டடங்களின் உரிமையாளர்கள் அவற்றைப் பலப்படுத்தியே ஆக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் 2015இல் அதே வழியில் வந்தது. அங்கே பட்டியலில் வந்த கட்டடங்கள் 12,000க்கும் மேல்.

காருக்கு விட்ட இடத்தில் சுவர் எழுப்ப முடியாது, கார் எங்கே போகும்? அதனால் திறப்பைச் சுற்றி எஃகுச் சட்டம் வைப்பார்கள். உள்ளே இருக்கும் மற்றச் சுவர்களில் ப்ளைவுட் அடிப்பார்கள். செலவை யார் ஏற்பது, வாடகைக்கு இருப்பவர்மீது எவ்வளவு சுமத்தலாம் என்ற சண்டை இரண்டு நகரங்களிலும் நடந்தது. 16 பேர் மாண்டதற்கும் லாஸ் ஏஞ்சலிஸ் சட்டத்துக்கும் இடையே 21 ஆண்டு. கணக்கு தெரியாததால் ஆன தாமதம் அல்ல அது.

கோபே: அதே தேதி, ஓர் ஆண்டு கழித்து

1995 ஜனவரி 17. நார்த்ரிட்ஜுக்குச் சரியாக ஓர் ஆண்டு கழித்து ஜப்பானின் கோபே வட்டாரம் குலுங்கியது. மாண்டவர்கள் 6,434 பேர். பெரும்பாலோர் இடிந்த வீடுகளுக்கு அடியில். அவற்றில் மிகப் பல, கனமான ஓட்டுக்கூரை கொண்ட பழைய மர வீடுகள்.

ஜப்பானிலும் சுவர்க் கணக்கு புதிதல்ல. ஒரு வீட்டின் தரைப்பரப்புக்கு இத்தனை நீளம் பலமான சுவர் இருந்தே ஆகணும் என்ற விதி 1950இலிருந்தே உண்டு. 1981இல் அந்த அளவைக் கூட்டினார்கள். கோபேக்குப் பிறகு தெரிந்தது, மொத்தச் சுவர் போதுமானதாக இருந்தாலும் அது ஒரே பக்கத்தில் குவிந்திருந்தால் பயனில்லை என்பது. தெருப்பக்கம் முழுக்கக் கடைவாசல், பின்பக்கம் மட்டும் சுவர். மரீனாவின் தெருமுனை வீட்டுக் கதைதான்.

2000ஆம் ஆண்டு விதிகள் அதைப் பிடித்துக்கொண்டன. வீட்டின் வரைபடத்தை ஒவ்வொரு திசையிலும் நான்கு சம பட்டைகளாகப் பிரித்து, இரண்டு ஓரப் பட்டைகளில் உள்ள சுவரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று கனத்து இன்னொன்று காலியாக இருக்கக்கூடாது. தூணின் அடியில் எந்த இரும்புப் பிடி வேண்டும் என்பதையும் விதிகள் குறிப்பிட்டுச் சொல்லின.

பலன் இருந்ததா? 2016இல் குமமோட்டோ நிலநடுக்கத்தில் மிக மோசமாக அடிபட்ட மாஷிகி ஊரின் மையப் பகுதியில் மர வீடுகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 1981க்கு முந்திய வீடுகளில் இடிந்தவை 28 விழுக்காட்டுக்கு மேல். 1981க்கும் 2000க்கும் இடையில் கட்டியவற்றில் ஏறத்தாழ 9 விழுக்காடு. 2000க்குப் பிறகு கட்டியவற்றில் 2 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியது. ஒரே ஊர், ஒரே அதிர்வு.

2009 ஜூலையில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முழு அளவு ஆறு மாடி மரக் குடியிருப்பைக் கட்டி ஆட்டிப் பார்த்ததும் ஜப்பானில்தான். கோபேக்கு அருகே மிகி நகரில் இருக்கும் 'இ-டிஃபென்ஸ்' உலகின் ஆகப் பெரிய நிலநடுக்க மேடைகளில் ஒன்று. நார்த்ரிட்ஜில் பதிவான அதிர்வையே கூட்டி, பல நூற்றாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அளவுக்குக் குலுக்கினார்கள். கட்டடம் நின்றது. உட்சுவர்ப் பலகைகளில் விரிசல்தான் பெரிய சேதம். காணொளியைத் தேடிப் பாருங்க, ஆறு மாடி கோரைப்புல் மாதிரி அசைந்துவிட்டு நிமிர்வது தெரியும்.

சிங்கப்பூரில் இதெல்லாம் எதுக்கு?

நம் வீடுகள் கான்கிரீட். சுமத்ராவில் நிலம் அசைந்தால் சில வட்டாரங்களில் உயர்மாடிகளில் மின்விசிறி ஆடும், செய்தியில் வரும், அவ்வளவுதான். அந்த அதிர்வையும் கணக்கில் எடுப்பது எப்படி என்று கட்டட, கட்டுமான ஆணையம் 2013இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கு.

ஆனால் சுவரை உடைக்கும் ஆசை இங்கேயும் குறைவில்லை. சமையலறையைத் திறந்துவிடலாமா என்று யோசிக்காத வீவக தம்பதி குறைவு. வீவக வீட்டில் சுவர் உடைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் புகலிட அறையின் சுவரைத் தொடவே முடியாது. எந்தச் சுவர் சும்மா தடுப்பு, எந்தச் சுவர் கட்டடத்தைத் தாங்குகிறது என்பது தட்டிப் பார்த்தால் தெரியாது. வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். கணக்கு வேறு, கேள்வி அதே கேள்விதான்.

கடைசியாக ஆணியின் தலை

நார்த்ரிட்ஜுக்குப் பிறகு சேதமடைந்த சுவர்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வரைபடத்தில் எல்லாம் சரி. சுவரில் ஆணியின் தலை பலகைக்குள் புதைந்திருந்தது.

ஆணி அடிக்கும் துப்பாக்கியின் காற்றழுத்தம் கொஞ்சம் கூடினால் போதும். தலை பலகையின் மேற்பரப்போடு நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். அரை அங்குலத்துக்கும் குறைவான பலகையில் ஆணி பிடித்திருப்பது மிச்சமுள்ள தடிமனைத்தான். குலுங்கும்போது பலகை ஆணித்தலையைத் தாண்டிக் கழன்று வந்துவிடும். 0.63ஆ, 0.74ஆ என்று மேசையில் போட்ட கணக்கு அங்கே செல்லாது.

இன்னொரு தவறு, ஆணி கட்டையில் படாமல் பக்கத்தில் வெற்றிடத்தில் இறங்கியிருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் வரிசை அழகாகத்தான் இருக்கும்.

அதனால்தான் கலிஃபோர்னியாவில் ஷியர் சுவரில் ஆணி அடித்து முடித்ததும் வேலையை நிறுத்திவைத்து ஆய்வாளருக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் வந்து ஓரங்களில் இடைவெளியை அளப்பார், தலைகளை விரலால் தடவிப் பார்ப்பார், ஹோல்டவுன் போல்ட்டுகளைப் பார்ப்பார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேற்பூச்சு. பூச்சு ஏறிவிட்டால் அடுத்த நிலநடுக்கம்வரை அந்த ஆணிகளை யாரும் பார்க்கப்போவதில்லை.